எரிபொருள் கணக்கைத் திருத்தும் சிறு பெட்டி

2020 ஏப்ரல் 1 அன்று பி.எஸ். 6 புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. இந்தியாவில் விற்கப்படும் புதிய பைக்குகளில் கார்புரேட்டரின் காலம் அத்துடன் ஏறக்குறைய முடிந்தது. அதற்கு முன் வண்டி திணறினால் மெக்கானிக் ஒரு ஸ்க்ரூவைத் திருகுவார், இல்லாவிட்டால் ஜெட்டை மாற்றுவார். இன்று அந்த வேலை இ.சி.யூ. எனப்படும் சிறு கணினியிடம் இருக்கிறது. அதில் திருகுவதற்கு எதுவும் இல்லை. அதனால்தான் ட்யூனிங் மாட்யூல்களுக்குச் சந்தை உருவானது. அமெரிக்காவின் டைனோஜெட் தயாரிக்கும் பவர் கமாண்டரும், பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் தயாரிக்கும் பவர்ட்ரானிக்கும் பைக் ஆர்வலர்கள் நன்கறிந்த பெயர்கள். வாங்கப்போகிறவர்கள் பெரும்பாலும் எந்த பிராண்டு நல்லது என்றுதான் விசாரிக்கிறார்கள். அந்த மாட்யூல் எந்த வயரில் குறுக்கே உட்காருகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். அது ஏன் என்று புரிய, இ.சி.யூ. கணக்குப் போடும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இன்ஜெக்டர் என்பது திறந்து மூடும் ஒரு நுண்வால்வு. அது எத்தனை மில்லி விநாடி திறந்திருக்கிறதோ அந்த அளவுக்குப் பெட்ரோல் உள்ளே போகும். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, என்ஜின் என்ன வேகத்தில் சுற்றுகிறது, உள்ளே வரும் காற்றின் அழுத்தமும் வெப்பமும் என்ன என்பதைச் சென்சார்கள் சொல்கின்றன. இ.சி.யூ. தன் நினைவில் உள்ள அட்டவணையைப் பார்த்து, திறந்திருக்க வேண்டிய நேரத்தை முடிவு செய்கிறது. இந்த அட்டவணைக்குத்தான் 'மேப்' என்று பெயர்.

கலப்பில்லாத பெட்ரோல் 1 கிலோ முழுமையாக எரிய, ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். சைலன்சரில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர், அதாவது நச்சுப் புகையை மாற்றும் பகுதி, இந்த விகிதத்தை ஒட்டித்தான் நன்றாக வேலை செய்யும். என்ஜினிலிருந்து முழுச் சக்தி வேண்டுமென்றால் கலவையில் பெட்ரோல் கூடுதலாக இருக்க வேண்டும். விகிதம் 13-க்குப் பக்கத்தில் வர வேண்டும். ஆக, புகைக்கு ஏற்ற கலவை ஒன்று, சக்திக்கு ஏற்ற கலவை இன்னொன்று.

இரண்டையும் சமாளிக்க இ.சி.யூ. இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போதும், சீரான வேகத்தில் போகும்போதும், புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் தரும் செய்தியைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும். இது 'குளோஸ்டு லூப்', மூடிய சுற்று. ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கினால் சென்சாரைக் கேட்பதை நிறுத்திவிட்டு, மேப்பை மட்டும் நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். இது 'ஓப்பன் லூப்', திறந்த சுற்று. நகரத்தில் ஓடும் பைக் பெரும்பாலும் மூடிய சுற்றில்தான் இருக்கும்.

இப்போது மாட்யூலுக்கு வருவோம். ஒரு வகை இன்ஜெக்டருக்குப் போகும் வயரில் உட்காருகிறது. பவர் கமாண்டர் இந்த வகை. இ.சி.யூ. 3 மில்லி விநாடி திறக்கச் சொன்னால் மாட்யூல் அதை 3.2 ஆக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மூடிய சுற்றில் என்ன ஆகும்? பெட்ரோல் கூடிவிட்டது என்று ஆக்சிஜன் சென்சார் உடனே சொல்லும். இ.சி.யூ. தன் அளவை 2.8-க்குக் குறைக்கும். மாட்யூல் கூட்டியதை இ.சி.யூ. கழித்துவிடும், பழைய இடத்துக்கே வந்து நிற்போம். அதோடு முடிவதில்லை. சில இ.சி.யூ.க்கள் இந்தக் கழித்தலை நினைவில் வைத்து, திறந்த சுற்றிலும் பயன்படுத்தும். அதனால் இந்த வகையைப் பொருத்துபவர்கள் பல பைக்குகளில் ஆக்சிஜன் சென்சாரைத் துண்டித்து, அதன் இடத்தில் ஒரு போலி சமிக்ஞை தரும் பிளக்கைச் சொருகுகிறார்கள். அதன் பிறகு தவறைத் திருத்த யாரும் இல்லை. மேப் சரியாக இருந்தால் எல்லாம் சரி, தவறாக இருந்தால் எல்லாம் தவறு.

இரண்டாவது வகை ஆக்சிஜன் சென்சாரின் வயரில் உட்காருகிறது. சென்சார் சொல்வதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லி, இ.சி.யூ.வே கூடுதல் பெட்ரோல் விடும்படி செய்கிறது. இ.சி.யூ. இதோடு சண்டை போடாது. குறைந்த வேகத்தில் வெட்டி வெட்டிப் போவது குறையலாம், புகையின் வெப்பமும் சற்றுத் தணியும். ஆனால் முழு ஆக்சிலேட்டரில் சென்சாரையே யாரும் கேட்பதில்லை என்பதால், அங்கே இதற்கு நேரடி வேலை இல்லை.

காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரில் ஒரு மின்தடையைச் சேர்த்து, காற்று குளிர்ந்திருப்பதாக நம்பவைக்கும் மலிவுப் பொருள்களும் உண்டு. 10 டிகிரி குளிர்ச்சி காட்டினால் பெட்ரோல் சுமார் 3 சதவீதம் கூடும். மூடிய சுற்றில் இதையும் இ.சி.யூ. கழித்துவிடும்; திறந்த சுற்றில் எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி கூடும். எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்ற பாகுபாடு அதற்குத் தெரியாது. இதைத் தவிர்ப்பதே நல்லது. பவர்ட்ரானிக் போன்றவை பெட்ரோலோடு ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரத்தையும் மாற்றக்கூடியவை. பலன் கூடும், அதைப் பொருத்துபவரின் திறமையும் அதற்கேற்பக் கூடியிருக்க வேண்டும்.

எத்தனால் கலப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்று போதும். 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு விகிதம் 14.7 அல்ல, சுமார் 13.5. மூடிய சுற்றில் ஆக்சிஜன் சென்சார் இந்த வேறுபாட்டைத் தானே சரிக்கட்டிவிடும். ஆனால் சென்சாரைத் துண்டித்து, எத்தனால் குறைந்த பெட்ரோலில் போட்ட வெளிநாட்டு மேப்பை ஏற்றினால், நம் பெட்ரோல் பங்க்கில் அடிக்கும் எரிபொருளுக்குக் கலவையில் பெட்ரோல் போதாமல் போகும். என்ஜினுக்கு அது நல்லதல்ல. எனவே மேப் எந்த எரிபொருளில், எந்த சைலன்சரோடு, எந்த ஏர் ஃபில்டரோடு, டைனோவில் ஓட்டிப் போடப்பட்டது என்று விற்பவரிடம் கேளுங்கள். டைனோ என்பது பின்சக்கரத்தை உருளைமேல் ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் எந்திரம். தெளிவான பதில் வராவிட்டால் அந்த மேப் உங்கள் வண்டிக்கானது அல்ல.

ஒரு ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ஐ எடுத்துக்கொள்வோம். 648 சி.சி., சுமார் 47 குதிரைத்திறன். வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால், மாட்யூலால் கிடைப்பது பெரும்பாலும் ஓட்டும் மென்மைதான். சக்தி பெரிதாக ஏறாது, மைலேஜ் குறையலாம். கடைசி சைலன்சர் துண்டை மட்டும் மாற்றியவருக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். குழாய் முழுவதையும் ஏர் ஃபில்டரையும் மாற்றியவருக்கு நிலைமை வேறு. உள்ளே வரும் காற்றே மாறிவிட்டது. முழு ஆக்சிலேட்டரிலும் மேப்பைத் திருத்தியாக வேண்டும். அவருக்கு இன்ஜெக்டர் வகையும் டைனோவும் தேவை.

கலவையில் பெட்ரோல் கூடும்போது கார்பன் மோனாக்சைடும் கூடும், கன்வெர்ட்டர் அதை முழுதாக மாற்ற முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு புகை வரம்பை மீறி ஓட்டுவதைக் குற்றமாகச் சொல்கிறது. வாரண்டி மறுக்கப்படவும் வாய்ப்புண்டு. அந்தப் புகை முதலில் போவது சிக்னலில் நம் பின்னால் நிற்பவரின் மூக்குக்கு. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

எனவே, மாற்றம் எதுவும் செய்யாத வண்டி வெட்டி வெட்டிப் போனால், முதலில் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டாப்பெட் இடைவெளி, ஆக்சிலேட்டர் கேபிளின் தொய்வு ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். பல வண்டிகளுக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். அதற்குப் பிறகும் மாட்யூல் வேண்டுமென்றால், கம்பெனி கனெக்டரிலேயே சொருகிக் கழற்றக்கூடியதாக வாங்குங்கள். ஒரு வாரம் பொருத்தியும் ஒரு வாரம் கழற்றியும் அதே சாலையில் ஓட்டி, மைலேஜைக் குறித்து வைத்து ஒப்பிடலாம். வயரை வெட்டி ஒட்டச் சொல்லும் பொருளில் அந்த ஒப்பீட்டுக்கே வழியில்லை.