மினுக்கம் என்னும் அழிவு

பழைய மடக்குச் சவரக்கத்திகளை வாங்கி, கறை போக்கி, புதிய மரப்பிடி பூட்டி, முகம் தெரியும்படி மினுக்கிப் படம் பிடித்துக் காட்டுவோர் தொகை பெருகிவிட்டது. இதைப் புதுப்பித்தல் என்கிறார்கள். இவற்றுட் பலவற்றை அழித்தல் என்றே நான் சொல்வேன்.

ஷெபீல்டிலும் சோலிங்கனிலும் வடிக்கப்பட்ட இக்கத்திகளின் முதுகு வெறும் தடிப்பன்று. தீட்டும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லிற் படிகின்றன. முதுகின் தடிப்பே வாயின் கோணத்தை நிர்ணயிக்கிறது. மின்சாரச் சக்கரத்தில் முதுகைத் தேய்ப்பவர் அந்தக் கணக்கையே குலைக்கிறார். மெலிந்த வாய்ப்பகுதியோ உராய்வினால் கணத்திற் சூடேறும். சூடு மிஞ்சினால் உருக்கின் பதம் இறங்கிவிடும். பிறகு கத்தி மினுங்கும், மழிக்காது. பதம் போனதைப் படத்திற் காணவும் முடியாது. காசு கொடுத்து வாங்குபவரே ஏமாளி.

கத்தியின் வாற்பகுதியில் உள்ள முத்திரையும் இவ்வாறே தேய்ந்துபோகிறது. இறக்குமதிப் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று அமெரிக்கா 1890 இல் சட்டம் இயற்றியது. ஆகவே, நாட்டின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளதா என்பதே காலத்தை ஊகிக்க ஒரு சான்று. அரை மணி நேர மினுக்கத்துக்காக அச்சான்றை அழிப்பது எந்த வகைப் பாதுகாப்பு?

மரப்பிடிக்கு நான் எதிரியல்லன். பழைய செல்லுலொயிட் பிடி சிதையும்போது வெளிவரும் அமில ஆவி கத்தியையே அரிக்கும். அதைக் கழற்றத்தான் வேண்டும். கருங்காலி போன்ற இறுகிய மரத்தை மெல்லியதாகச் சீவி, ஈரம் புகாதபடி எண்ணெயூட்டி, அலகு பக்கங்களில் உரசாமல் நடுவில் விழும்படி அடிமுனையில் ஆப்பு வைத்து, பித்தளை ஆணியால் இணைப்பது நல்ல கைவினை. ஆனால் பழுதில்லாத கொம்புப் பிடியை அழகுக்காக உடைத்தெறிவது கைவினையன்று, அகங்காரம்.

“என் கத்தி, என் விருப்பம்” என்பார்கள். சட்டப்படி சரி. ஆனால் 1904 இல் ஜில்லெட் காப்புரிமை பெற்ற, தேய்ந்ததும் வீசும் அலகு உலகை ஆண்டபின், குழிவாகத் தீட்டி இக்கத்திகளை வடிக்கும் கைகள் மிகச் சிலவாகிவிட்டன. தேய்த்துக் கழித்த உருக்கை எவராலும் திருப்பி ஒட்ட முடியாது.

செய்யவேண்டியது சிறிது. செந்துரு உருக்கைத் தின்னும். அதை நுண்ணிய மணற்கடதாசியும் எண்ணெயும் கொண்டு கையாலேயே அகற்றுங்கள். கருமையாகப் படிந்த பழங்கறை தீங்கற்றது, அதை விட்டுவிடுங்கள். வாயோரத்தில் ஆழமான துருக்குழிகள் இருந்தால் அது மழிக்க உதவாது என்று ஒப்புக்கொள்ளுங்கள். விற்பவர்கள், சக்கரத்தில் இட்டீர்களா இல்லையா என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். அந்த ஒரு வரியை எழுதத் தயங்குபவரிடம் கத்தி வாங்காதீர்கள்.