காசு கட்டிய பிறகு விதியை மாற்றலாமா?



திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து இளைஞர்கள் சிலர் கைத்தொலைபேசியில் இணையக் குதிரைப் பந்தயம் ஆடுகிறார்கள். ஆடுவதை நான் குறை சொல்லவில்லை. நுழைவுக் கட்டணம் கட்டிக் குதிரையைப் பதிந்த பிறகு, குதிரையின் வயதெல்லையும் பரிசுப் பங்கும் மாறிவிட்டதாக ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் வருகிறதே, அதுதான் அநியாயம்.

பதிவு முடியும் நேரமோ இங்கிலாந்துக் கடிகாரப்படி. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகார முள்ளை முன்னே தள்ளியதும், இங்கே இரவு 7.30 ஆக இருந்த முடிவு நேரம் சொல்லாமல் கொள்ளாமல் 6.30 ஆகிவிடும். வேலை முடிந்து வருபவர் என்ன செய்வார்?

இத்தகைய ஆட்டங்களுக்கு அரசு வரம்பு கட்டுவது புதிதல்ல. தமிழ்நாட்டில் 2025இல் வந்த விதிகள், பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடுத்தன. சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அதே ஆண்டில் நமது பாராளுமன்றமும் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றி, இணையச் சூதாட்டத்தையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது.

விதி மாற்றங்களைப் பந்தயப் பருவம் தொடங்குமுன், தமிழிலும் சிங்களத்திலும், இலங்கை நேரப்படி அறிவிக்கவும், ஏற்காதவருக்குக் காசைத் திருப்பிக் கொடுக்கவும் அந்த அதிகாரசபை கட்டளையிட வேண்டும்.

வாசகர் ஒருவர்,
உட்துறைமுக வீதி, திருகோணமலை.