படிமங்களைக் குற்றப்பத்திரமாக வாசிக்கும் காலம்

தமிழில் கவிதை எழுதியமைக்காக ஒருவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்படுவார் என்று யுத்தம் முடிந்த பின்னரான இலங்கையில் எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அது நடந்தது. 2020ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் திகதி, மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்த இளம் ஆசிரியரான அஹ்னாப் ஜஸீம் கைது செய்யப்பட்டார். 2017இல் வெளிவந்த 'நவரசம்' என்ற அவரது கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைப் போதிக்கிறது என்பது குற்றச்சாட்டு. ஒன்றரை ஆண்டுக்கும் மேல் அடைத்து வைக்கப்பட்டிருந்த அவர் 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளே அத்தொகுதியில் உள்ளன என்று, அதனை வாசித்த மனித உரிமை அமைப்புகளும் எழுத்தாளர்களும் தொடக்கத்திலிருந்தே சொல்லி வந்தனர். தமிழ்க் கவிதையை வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் தீர்த்திருக்கக்கூடிய ஐயம் அது. அது தீர மூன்றரை ஆண்டுகள் சென்றன.

மன்னார்க் கவிஞர் ஒருவருக்கு நேர்ந்ததைப் பற்றி அம்பாறைக் கரையோரம் ஏன் கவலைகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். பெரிய நீலாவணையிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது என நீண்டு அக்கரைப்பற்று வரை செல்லும் இந்தக் கரைதான், நேரடியாகப் பேசாத கவிதைக்கு ஈழத்தில் நெடுங்காலம் புகலிடமாக இருந்தது. அஹ்னாபின் கவிதைகளையே அவ்வாறு வாசித்தவர்கள், சோலைக்கிளியின் கவிதைகளை எவ்வாறு வாசித்திருப்பார்கள்?

இன்று கல்முனை என்றால் நாளேடுகளில் அடிபடுவது பிரதேச செயலகப் பிரச்சினையே. தமிழரும் முஸ்லிம்களும் எல்லைக்கோட்டில் நின்று முறைத்துக்கொள்ளும் ஊராகவே வெளியூர் வாசகர் அதனை அறிவார். ஆனால் இவ்வூரின் இலக்கிய வரலாறு வேறு. பெரிய நீலாவணையின் நீலாவணனும், பாண்டிருப்பின் சண்முகம் சிவலிங்கமும், கல்முனைக்குடியின் எம்.ஏ.நுஃமானும், மருதமுனையின் மருதூர்க்கொத்தனும் ஒரே வட்டத்தில் இருந்து ஒருவர் எழுத்தை மற்றவர் வெட்டியும் திருத்தியும் வளர்த்தவர்கள். நுஃமான் 1969இல் 'கவிஞன்' என்ற காலாண்டிதழைக் கல்முனையிலிருந்து கொண்டுவந்தார். அவர் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' 1981இல் கல்முனை வாசகர் சங்கத்தின் வெளியீடாக வந்தது. மஹ்மூத் தர்வீஷைத் தமிழுக்கு அழைத்து வந்தது ஒரு கரையோரச் சிற்றூரின் வாசகர் சங்கம் என்பதை, பலஸ்தீனத்துக்காக இன்று சமூக ஊடகங்களில் குரல் கொடுக்கும் நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

அந்த மண்ணிலிருந்துதான் எண்பதுகளில் சோலைக்கிளி வந்தார். பூனையும் காகமும் பாம்பும் மனிதரின் இடத்தில் நின்று பேசுவதும், உடலின் உறுப்புகள் தனித்தனியே அலைவதும், அதுவரை தமிழ்க் கவிதை பழகியிராத காட்சிகள். விளங்கவில்லை என்றவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால் 1985க்குப் பின் கல்முனைத் தெருக்களில் நடந்ததைக் கண்ணால் கண்டவர்களுக்கு அவை விளங்கின. அவரது ஒரு தொகுதிக்கு 'எட்டாவது நரகம்' என்று பெயர். வெளிவந்த ஆண்டு 1988. நரகத்தின் வாயில்கள் ஏழு என்று மத்ரசாவில் ஓதிய பிள்ளைக்கும் தெரியும். எட்டாவதாக ஒன்றை மனிதர் தம் கையால் கட்டிக்கொண்டார்கள் என்று அத்தலைப்பை வாசித்தால் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இன்று ஓர் இளைஞர் அப்படியொரு தலைப்பிட்டால், பொலிஸார் வருவதற்கு முன்னரே முகநூலில் மார்க்கத் தீர்ப்பு வந்துவிடும் என்பது வேறு கதை.

பாண்டிருப்பிலிருந்து எழுதிய உமா வரதராஜனின் 'அரசனின் வருகை' சிறுகதையும் இவ்வகையினதே. பெயர் சொல்லாமல், காலம் சொல்லாமல், மன்னன் கதை போலச் சொல்லப்பட்டமையாலேயே அது அன்று எழுதவும் அச்சிடவும் முடிந்தது, இன்றும் வாசிக்கப்படுகிறது. நெருக்கடிக் காலத்தில் புதிய வடிவம் என்பது அலங்காரமன்று. உயிரோடு இருந்துகொண்டே உண்மை சொல்ல எழுத்தாளன் கண்டுபிடிக்கும் வழி அது.

எனினும் இத்தகைய எழுத்து தனியே வாழ்வதில்லை. அதற்கு வாசகர் வேண்டும். வாசகரை உருவாக்கச் சஞ்சிகைகள் வேண்டும். கல்முனையில் 'வியூகம்' இருந்தது. எம்.பௌசரின் 'மூன்றாவது மனிதன்' இருந்தது. அக்கரைப்பற்றில் றியாஸ் குரானா உள்ளிட்ட 'பெருவெளி' குழுவினர் பின்நவீனத்துவத்தின் பெயரால் எல்லோரோடும் சண்டையிட்டார்கள். அவர்கள் எழுதியதில் பாதி எவருக்கும் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆயினும் ஒரு கவிதையை எப்படி வாசிப்பது என்று ஊரில் சண்டை நடந்த காலம் அது. சாய்ந்தமருதின் அனார் 'எனக்குக் கவிதை முகம்' தொகுதியோடு 2007இல் தமிழகம் வரை அறியப்பட்டமைக்குப் பின்னால் அந்தச் சூழலும் உண்டு. அச்சஞ்சிகைகள் நின்றுபோயின. முகநூலில் விருப்பக்குறி உண்டு, விமர்சனம் இல்லை.

வாசிக்க மறுக்கும் குற்றத்தை அரசின் மீது மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. 2012இல் ஏறாவூரைச் சேர்ந்த எழுத்தாளர் ஷர்மிளா ஸெய்யித் வானொலிப் பேட்டி ஒன்றில் சொன்ன கருத்துக்காக மிரட்டல்களுக்கு ஆளாகி நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவரை மிரட்டியது பொலிஸார் அல்லர். இசை விடயத்திலும் இதே கதைதான். வயலிலும் வாசலிலும் நம் பெண்கள் பாடிய கவிகளும், றபானும் பொல்லடியும் 'ஆகாதவை' என்று ஒதுக்கப்பட்ட காலத்தில், அக்கவிகளை எஸ்.எச்.எம்.ஜெமீலும் பின்னர் அனாரும் தொகுத்து நூலாக்காவிட்டால் அவை மூதாட்டிகளோடு மண்ணுக்குள் போயிருக்கும். நாளை இப்பிரதேசத்தில் ஒரு புதிய இசை பிறக்குமாயின் அதற்கான மூலதனம் அந்நூல்களில்தான் இருக்கிறது.

சினிமா, ஓவியம், வடிவமைப்பு ஆகியவை இக்கரையோரத்தில் கவிதையளவுக்கு வளராமைக்குக் காரணம் திறமைக் குறைவன்று. கவிதைக்குத் தாளும் பேனாவும் போதும். மற்றவற்றுக்குக் கட்டடமும் கருவியும் பயிற்சியும் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத்துறை உண்டு. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் உண்டு. ஒலுவிலில் 1995இல் தொடங்கப்பட்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும்கூடப் பீடங்கள் வந்துவிட்டன, நுண்கலைக்கு இல்லை. அதன் உருவாக்கத்துக்கு முன்னின்ற மர்ஹூம் எம்.எச்.எம்.அஷ்ரப் தாமே ஒரு கவிஞர் என்பதை எண்ணும்போது இது வருத்தத்துக்குரியது. மருதமுனையின் கைத்தறி நாடறிந்தது. சாரனிலும் சேலையிலும் நிறத்தைக் கோத்துக் கோலம் காணும் அந்த நெசவாளரை எவரும் கலைஞர் என்று அழைப்பதில்லை. ஒரு வடிவமைப்பு மாணவர் அத்தறியருகே ஓராண்டு அமர்ந்தால் இருவருக்கும் இலாபம். யாழ்ப்பாணத்து ஓவியர் தா.சனாதனன், இடம்பெயர்ந்தவர்கள் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த படங்களைத் திரட்டி 2011இல் காணித் தோம்பின் வடிவில் நூலாக்கினார். 2004 சுனாமியில் 10,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொடுத்த மாவட்டம் இது. கடலோடு போன வீடுகளுக்கும் அப்படியொரு தோம்பு வேண்டும். வரைந்து காட்டக்கூடிய பெரியவர்கள் குறைந்து வருகிறார்கள்.

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலும், அதே வாரத்தில் சாய்ந்தமருதில் நடந்த குண்டுவெடிப்பும் இந்த ஊர்களின் மீது இறக்கிய பயம் இன்னும் முழுதாக அகலவில்லை. வீட்டிலிருக்கும் நூல் எதனையும் அந்நிய மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டிவருமோ என்ற பயம் அது. பெரும்பான்மைச் சமூகத்தவர் இதற்கு விதிவிலக்கு என்றும் கொள்ள முடியாது. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார தமது சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதங்கள் விளக்கமறியலில் இருந்தார். ஆனால் அவரது கதையைச் சிங்கள வாசகர் மூலத்தில் வாசித்து வாதிட முடிந்தது. தமிழ்க் கவிதைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அது மொழிபெயர்ப்பாளரின் கையில் இருக்கிறது. அஹ்னாபின் வழக்கில் அந்த மொழிபெயர்ப்பே பிழையானது என்று அவரது தரப்பு வாதிட்டது.

நுஃமானின் 'புத்தரின் படுகொலை' என்ற தலைப்பை மட்டும் பெயர்த்து ஓர் அதிகாரியின் மேசையில் வைத்துப் பாருங்கள். என்ன சட்டப்பிரிவு என்றே அவர் தேடுவார். ஆனால் 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபின் பிறந்த அக்கவிதை முழுமையாகச் சிங்களத்துக்குச் சென்றது. புத்தரின் பக்கம் நின்று பேசும் கவிதை அது என்பதைச் சிங்கள வாசகர் கண்டுகொண்டார்கள். சோலைக்கிளிக்கும் அனாருக்கும் சண்முகம் சிவலிங்கத்துக்கும் அத்தகைய முழுமையான சிங்களப் பதிப்புகளைக் கொண்டுவருவது, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மொழித்துறையும் இப்பிரதேசத்து எழுத்தாளர் அமைப்புகளும் இணைந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடியக்கூடிய வேலை. அதற்கான செலவு, கல்முனையில் ஆண்டுதோறும் நடக்கும் பொன்னாடை விழாக்களின் செலவைவிட அதிகமாக இராது.