பிரதி மூன்று, பாதை எத்தனை?



2006 டிசம்பரில் ஜொகூரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது பலருக்கு நினைவிருக்கும். அப்போது நான் ஆசிரியர் வேலைக்குப் புதிது. எங்கள் பள்ளியில் மாணவர் பதிவேட்டை மூன்று பிரதியாக எழுதி வைத்திருந்தோம். மூன்றும் ஒரே அலமாரியின் அடித்தட்டில்! தண்ணீர் வடிந்த பிறகு எடுத்துப் பார்த்தால், மூன்றும் கூழ். பிரதி மூன்றானாலும் அலமாரி ஒன்றுதானே?

இதே சிக்கல் கணினி உலகிலும் உண்டு. குளுவாங்கிலிருந்து ரெங்கம், லாயாங் லாயாங் தாண்டிக் கூலாய்ப் பக்கம் போய்ப் பாருங்கள். செடெனாக்கில் செம்பனை நின்ற நிலத்தில் பெரிய பெரிய கட்டடங்கள் எழுந்துள்ளன. அவைதாம் தரவு மையங்கள். நம் கைப்பேசிப் படங்களும் கணக்குகளும் இப்படிப்பட்ட இடங்களில்தான் குடியிருக்கின்றன.

அங்கே எப்படிப் பாதுகாக்கிறார்கள்? ஒரு வழியைச் சொல்கிறேன். அதன் பெயர் செஃப். அமெரிக்காவில் சேஜ் வெய்ல் என்பவர் உருவாக்கியது. அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியானதும் அதே 2006-இல்தான். ஒவ்வொரு தகவலையும் வழக்கமாக மூன்று பிரதி எடுத்து, வெவ்வேறு கணினிகளில் வைக்கும். ஒரு கணினி கெட்டால், மற்றவை குறைந்த பிரதியை வேறிடத்தில் தாமே எழுதிக்கொள்ளும். பெரட்டுக்கு ஒருவர் வராவிட்டால், அவர் நிரையை மண்டோர் மற்றவர்களுக்குப் பங்கிடுவதில்லையா? அது போலத்தான்.

ஆனால் இந்தக் கணினிகளை இணைக்கும் பெட்டி ஒன்று உண்டு. அதற்கும் சுவிட்ச் என்றே பெயர். விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல. எல்லாக் கணினியும் ஒரே சுவிட்சில் தொங்கினால், அது கெட்ட நாளில் மூன்று பிரதியும் பத்திரமாக இருக்கும்; எடுக்கத்தான் வழி இராது! ஆகவே சுவிட்ச் இரண்டு வைத்து, ஒவ்வொரு கணினியையும் இரண்டிலும் இணைக்கிறார்கள்.

அந்தச் சுவிட்சுக்குக் கட்டளையும் இட வேண்டும். வெளியார் கேட்கும் தகவலுக்கு ஒரு தடம். பிரதி எடுக்கும் வேலைக்குத் தனித் தடம். தகவல் சிறு சிறு பொட்டலமாகத்தான் போகும். பொட்டலத்தின் அளவு வழக்கமாக 1500 பைட். வேகத்துக்காக 9000 ஆக்குவதுண்டு. நடுவில் ஒரு சுவிட்ச் மட்டும் 1500-இல் நின்றுவிட்டால் வந்தது வினை. தாழ்வான பாலத்தடியில் மோட்டார் சைக்கிள் நுழையும். செம்பனைக் குலை ஏற்றிய லோரி நுழையுமா? சிறு செய்தி போகும், பெரிய சுமை நிற்கும். கணினி உயிரோடு இருப்பதாகத் தெரியும், வேலை மட்டும் நடக்காது.

இதெல்லாம் நமக்கெதற்கு என்கிறீர்களா? பிறப்புப் பத்திரம் இல்லாமல் அடையாள அட்டைக்கு அலைந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை! மூலப் பத்திரம் வீட்டில் இருக்கட்டும். ஒரு நகல் வேறு ஊரில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும். ஒரு படம் கைப்பேசிக் கணக்கில் இருக்கட்டும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் மகனுக்கு மட்டும் தெரிந்து, அவன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தால்? மறுபடியும் ஒரே பாதைதான்! வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

இன்றிரவே பெட்டியைத் திறந்து பாருங்கள். அடுத்த மழைக்காலம் நம்மைக் கேட்டுக்கொண்டு வராது.