மோசடி என்ற ஒரு சொல்

தொம்மலூரில் எங்கள் தெருவில் குடியிருக்கும் இளம்பெண் ஒருவர் போன மாதம் ஒரு மனுவோடு வந்தார். தன் திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கோரும் மனு. வக்கீலின் ஆங்கிலம் கிருஷ்ணகிரியில் இருக்கும் அப்பாவுக்குப் புரியாது. தமிழில் எழுதித்தர வேண்டும். கணவருக்குப் பெண்களிடம் நாட்டமில்லை. கல்யாணத்துக்கு முன்பே அதைப் பெற்றோரிடம் சொல்லியிருக்கிறார். "ஒரு தாலியைக் கட்டு, எல்லாம் சரியாகிவிடும்" என்றார்களாம்.

முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் பெற்றிருந்தால் அந்தத் திருமணத்தை ரத்து செய்ய, 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 12ஆவது பிரிவு இடம் தருகிறது. உண்மை தெரிந்த ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். இதற்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் மோசடி. நான் அதை எழுதியபோது அந்தப் பெண் தடுத்தார்: "அப்படிப் போடாதீங்கக்கா. அவரையும்தானே ஏமாத்தினாங்க."

வேறு சொல் தேடினேன். எம்.ஏ. தமிழ் கைகொடுக்கவில்லை.

இதே நகரில் 2014 அக்டோபரில் ஒரு மனைவி வீட்டில் ரகசிய கேமரா வைத்து, அதில் பதிவானதை எடுத்துக்கொண்டு போலீஸுக்குப் போனார். மென்பொருள் பொறியாளரான கணவர் 377ஆவது பிரிவில் கைதானார். சட்டத்தின் கண்ணில் ஒருவர் குற்றவாளி, இன்னொருவர் பாதிக்கப்பட்டவர். இப்படிப்பட்டவர்களை மணமேடைக்கு அனுப்பும் ஊர் வழக்கத்தைக் கைது செய்ய எந்தப் பிரிவும் இல்லை.

2018 செப்டம்பர் 6இல், வயதுவந்த இருவர் சம்மதத்துடன் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறை பயம் போயிற்று. கல்யாண உரிமை வரவில்லை. கணவன், மனைவி, குழந்தைகள் என்பதுதான் இந்தியக் குடும்பம் என்று மத்திய அரசு வாதாடியது. திருமணம் அடிப்படை உரிமையல்ல, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று 2023 அக்டோபர் 17இல் நீதிமன்றம் கைவிரித்தது. 2025 ஜனவரியில் மறுசீராய்வு மனுக்களும் தள்ளுபடி. அரசு காப்பாற்றிய அந்தக் குடும்பம்தான் என் மேஜைமேல் மனுவாகக் கிடந்தது.

அதே ஜனவரியில் தாய்லாந்தில் தன்பாலினத் திருமணங்கள் பதிவாகத் தொடங்கின. தைவானில் 2019லேயே வந்துவிட்டது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது ஆறுதல். ஆனால் பெண் பார்க்கப் புறப்படும் அம்மாவிடம் அந்தத் தீர்ப்பைக் காட்டி நிறுத்த முடியுமா?

சட்டம் வந்த மறுநாளே எல்லா அம்மாக்களும் மனம் மாறிவிடப்போவதில்லை. அடுத்த தலைமுறையிலாவது மாறுவார்கள். "எப்போ கல்யாணம்?" என்ற கேள்விக்கு அந்த இளைஞரிடம் நேர்மையான ஒரு பதிலாவது இருந்திருக்கும். நமது பதிவாளர் அலுவலகம் இன்று அவருடைய பொய்யை மட்டுமே பதிவு செய்யும். அதற்கான விலையில் பாதியை, ஒன்றும் அறியாத ஒரு பெண் கட்டுகிறார்.

கடைசியில் மோசடி என்றே எழுதிக் கொடுத்தேன். செய்தவர் என்ற இடத்தில் கணவரின் பெயர் மட்டும் இருந்தது.