"சும்மா செஞ்சி தாங்க தம்பி": இந்தப் பேச்சை நிறுத்துவோம்



"நம்மட ஊர் வேலதானே, சும்மா செஞ்சி தாங்க தம்பி." டிசைன் தெரிந்த, கெமரா பிடிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை மாவடிப்பள்ளியில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. கழகத்துக்கு ஜேர்சி டிசைன், விழாவுக்கு பெனர், கல்யாணத்துக்கு அழைப்பிதழ் எல்லாமே சும்மா. அதே பெனரை அச்சடிக்கும் கடைக்குக் காசு உண்டு. மேடை கட்டியவருக்கும் சவுண்ட்ஸ்காரருக்கும் காசு உண்டு. இரவு முழுக்க விழித்திருந்து வரைந்தவனுக்கு மட்டும் ஒரு "மாஷா அல்லாஹ்".

பிறகு அதே ஆட்கள் அவனுடைய வாப்பாவிடம் போய், "மகன் எந்த நேரமும் போனோடதான் இருக்கான், ஒரு தொழிலுக்கு அனுப்புங்க" என்கிறார்கள். கூலி கொடுக்காமல் விட்டதும் ஊர்தான், அது தொழிலே இல்லை என்று தீர்ப்புச் சொல்வதும் ஊர்தான். வியர்வை காயுமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. உட்கார்ந்து செய்த வேலைக்கு அது பொருந்தாது என்று யார் சொன்னது?

"கலை சோறு போடாது" என்பது அடுத்த வாதம். கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த நுஃமான் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்துகொண்டே எழுதினார். பலஸ்தீனக் கவிதைகளை 1981இல் தமிழுக்குக் கொண்டு வந்தார், பேராதனையில் பேராசிரியரானார். ஓட்டமாவடி எஸ்.எல்.எம். ஹனீபா கால்நடைத் துறையில் வேலை பார்த்தபடி சிறுகதை எழுதினார். சாய்ந்தமருது அனார் 2004இல் முதல் கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். மேடைகளில் இவர்களை "நம்மட மண்ணின் மைந்தர்கள்" என்கிறோம். நம் வீட்டு அலுமாரியில் இவர்களுடைய ஒரு புத்தகமாவது இருக்கிறதா? பொன்னாடை போர்த்துவது லேசு. புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கினால்தான் எழுதுபவனுக்குச் சோறு.

பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. சாதாரண தரத்தில் சித்திரம் ஒரு பரீட்சைப் பாடம். பரீட்சை கிட்டே வந்ததும் சித்திரப் பாடவேளையைக் கணித மீட்டலுக்குப் பறித்தால், அந்தப் பாடத்துக்கு மதிப்பில்லை என்றுதான் பிள்ளை படித்துக்கொள்ளும். நம் பக்கத்து ஊர் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளின் பெயரில் மட்டக்களப்பில் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அது கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, கலைகளில் பட்டமே தருகிறது. உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும்போது எத்தனை வீட்டில் அந்தப் பெயரைச் சொல்கிறோம்?

தம்பி தங்கைகளே, ஊரை மட்டும் ஏசிவிட்டுப் போக மாட்டோம். உங்களுக்கும் சொல்ல இருக்கிறது. ஹோலில் கைதட்டிவிட்டு வரும் ஊக்கப் பேச்சுக்கள் அடுத்த நாள் காலையில் மறந்துபோகும். கீழே சொல்வதைச் செய்து பாருங்கள்.

1. ஒரு கலையைப் பிடித்து ஒரு வருடம் விடாதீர்கள். வாரம் ஒரு வேலையை முழுதாக முடியுங்கள். பாதியில் கிடக்கும் பத்து வேலையை யாரிடமும் காட்ட முடியாது.

2. விலையை வேலைக்கு முன் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்புங்கள். பாதி முற்பணம் வாங்குங்கள். சொன்ன திகதிக்குக் கொடுங்கள். கல்யாணம் முடிந்து மூன்று மாதத்துக்குப் பிறகு அல்பம் கொடுப்பவன் கூலி பற்றிப் பேச முடியாது.

3. உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் சுயமாக எடுத்த படமும் வரைந்த சித்திரமும் எங்கும் பதியாமலே உங்களுக்கு உரியவை. உங்கள் பெயரை வெட்டிவிட்டுப் பகிர்வது தவறு என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

4. சிங்களம் படியுங்கள். நம் ஊர் வழியாகப் போகும் பாதை அம்பாறை நகருக்குப் போகிறது. அங்கேயும் கல்யாணம் நடக்கிறது, கடை திறக்கிறார்கள். மொழி தெரியாததால் பாதி வாடிக்கையாளரை இழக்காதீர்கள்.

5. மாதச் சம்பள வேலை கிடைத்தால் எடுங்கள். நுஃமானும் ஹனீபாவும் அப்படித்தான் எழுதினார்கள். வேலைக்குப் போவது கலைக்குத் துரோகமில்லை. வேலை கிடைத்ததும் கலையைத் தூக்கிப் போடுவதுதான் நஷ்டம்.

வீட்டிலிருந்தே மருதோன்றி போடும், கேக் அலங்கரிக்கும், அபாயா டிசைன் செய்யும் சகோதரிகளுக்கும் இது அத்தனையும் பொருந்தும். "பொழுதுபோக்குக்குச் செய்றா" என்று அவர்களின் உழைப்பைச் சின்னதாக்காதீர்கள். அந்தக் காசில் வீட்டுச் செலவு நடக்கும் குடும்பங்கள் நம் ஒழுங்கைகளிலேயே இருக்கின்றன.

ஊரில் விழா எடுக்கும் எல்லோரிடமும் நாம் கேட்பது இதுதான். வரவு செலவு எழுதும்போது சாப்பாடு, மேடை, சவுண்ட்ஸ் என்று எழுதுகிறீர்களே, அதற்குக் கீழே "டிசைன், படப்பிடிப்பு" என்று இன்னொரு வரி எழுதுங்கள். தொகை சின்னதாக இருக்கட்டும். தர முடியாவிட்டால் அதை முதலிலேயே சொல்லுங்கள், செய்வதா இல்லையா என்பதை அந்தப் பிள்ளை தீர்மானிக்கட்டும்.

ஏற்கெனவே செய்வித்த வேலைக்குக் காசு பாக்கி வைத்திருப்பவர்கள், இந்தப் பதிவுக்கு லைக் போடுவதற்கு முன்னால் அந்தத் தம்பிக்கு ஒரு கோல் எடுங்கள்.