விலைக்கு வாங்கிய கண்ணீர்

செய்திச் சாதனங்கள் முதலாளிகளின் உடைமையாகிவிட்ட உலகில், தனிமனிதன் சுயமாகச் சிந்திக்க இயலுமா? இவ்வினாவுக்கு இரு விடைகள் உலவுகின்றன. இரண்டையும் நாம் மறுக்கின்றோம்.

இயலாது என்பது முதல் விடை. நாஜிகளின் கொடுமையால் ஜெர்மனியைத் துறந்து அமெரிக்காவில் தங்கிய ஹோர்க்ஹைமர், அடோர்னோ என்னும் அறிஞர் இருவர், 1947இல் வெளிவந்த தம் நூலில், திரைப்படமும் வானொலியும் தொழிற்சாலைச் சரக்குகளே என்றனர். அவை மக்களை ஒரே அச்சில் வார்த்துவிடுகின்றன என்று எச்சரித்தனர். அவ்வெச்சரிக்கையைத் தீர்ப்பாகக் கொண்டு, இனிச் சிந்தித்துப் பயனில்லை எனக் கைகட்டி அமர்ந்துவிட்டோர் பலர்.

மற்றொரு சாரார், “நூறு அலைவரிசைகளுள் வேண்டியதை நாமே தேர்கின்றோம், இதைவிடச் சுதந்திரம் எது?” என்பர். இது சந்தை கற்றுக்கொடுத்த விடை. கடைகள் பலவாயின் சரக்கும் பலவாகிவிடுமா?

நடந்த ஒன்றை நோக்குவோம். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 10ஆம் நாள், வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் சிலரின் மனித உரிமைக் குழு முன் 15 வயதுச் சிறுமி ஒருத்தி கண்ணீர் மல்கப் பேசினாள். குவைத் மருத்துவமனையில் இன்குபேட்டர் பெட்டிகளிலிருந்து பச்சிளங் குழந்தைகளை எடுத்து, குளிர்ந்த தரையில் சாகவிட்டனர் ஈராக்கியப் படையினர் என்றாள். பாதுகாப்பைக் காரணங்காட்டி அவளுடைய முழுப்பெயர் மறைக்கப்பட்டது. தொலைக்காட்சிகள் அக்காட்சியை ஒளிபரப்பின, நாளேடுகள் எழுதின, அதிபர் மூத்த புஷ் அக்கதையை மீண்டும் மீண்டும் எடுத்துரைத்தார். மனித உரிமைக்காகவே பாடுபடும் ஆம்னஸ்டி நிறுவனமும் அதனை ஏற்று வெளியிட்டது. 1991 ஜனவரி 12இல் செனட் சபை 52க்கு 47 என்ற வாக்குகளால் போருக்கு இசைந்தது.

போர் முடிந்தது. 1992 ஜனவரியில் உண்மை வெளிப்பட்டது. அச்சிறுமி, அமெரிக்காவில் இருந்த குவைத் தூதரின் மகள்! சாட்சியத்துக்கு ஏற்பாடு செய்தது ஹில் அண்ட் நோல்டன் என்னும் விளம்பரத் தொடர்பு நிறுவனம். அதற்குக் கூலி கொடுத்த அமைப்பின் பணத்தில் பெரும்பகுதி குவைத் அரசுடையது. ஆக்கிரமிப்பின் கொடுமைகள் மெய். ஆயின் இக்கதைக்கு நம்பத்தக்க சான்று கிட்டவில்லை. ஆம்னஸ்டியும் தன் கூற்றைத் திரும்பப் பெற்றிருந்தது.

சிறுமியின் பெற்றோர் யார் என்பதை வெளிக்கொணர்ந்தவர் ‘ஹார்ப்பர்ஸ்’ இதழின் வெளியீட்டாளர் ஜான் மக்கார்தர். அதனை அவர் எழுதியது ‘நியூயார்க் டைம்ஸ்’ என்னும் பெருமுதலாளிய நாளேட்டிலேதான். எனவே, சிந்திக்கவே இயலாது என்பார் கூற்று வீழ்ந்தது. “இச்சிறுமி யார்?” என்னும் எளிய கேள்வியே அவருக்குப் போதுமாயிருந்தது.

அதனை ஏனையோர் முன்னரே கேளாதது ஏன்? மதியின்மையாலன்று. கண்ணீர் உடனே விலைபோகும். விசாரணைக்கோ நாளும் பணமும் செலவாகும். உடைமையாளர் நலன், விளம்பர வருவாய், அதிகாரிகள் தரும் செய்தியைச் சார்ந்திருத்தல் ஆகியவை செய்திகளை வடிகட்டுவதை ஹெர்மனும் சாம்ஸ்கியும் 1988லேயே நூலாக எழுதினர். பொய்யை இட்டுக்கட்டவும் வேண்டுவதில்லை. கேள்வி கேட்க நேரமில்லாதிருந்தால் போதும். ஆயிரம் வாய்கள் பேசினும் ஊற்று ஒன்றே. தேர்வுரிமை பேசுவோர் கூற்றும் இத்துடன் வீழ்ந்தது. உண்மையும் வந்தது, போரில் மாண்டவர் மண்ணுக்குள் போனபின்!

செய்திகளில் பொய் புகும் வழிகளை இப்னு கல்தூன் 1377இல் ‘முகத்திமா’வில் வரிசைப்படுத்தினார். அவற்றுள் முதலில் அவர் வைத்தது, கட்சிப் பற்று. தன் தரப்புக்கு உவந்ததை மனம் ஆராயாமலே விழுங்கிவிடுகிறது என்றார். அச்சு இயந்திரம் ஐரோப்பாவை எட்டுமுன்னரே எழுதப்பட்ட இவ்வுண்மை, கைபேசிக் காலத்துக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. இலவசமாக வரும் காணொளிக்கு விளம்பரதாரர் விலை கொடுக்கின்றார். அங்கே விற்கப்படும் பண்டம் நம் கவனமே. நம்மைச் சினங்கொள்ளச் செய்வதும், நம்மவர் பெருமை பேசுவதும் நம் கவனத்தை எளிதில் ஈர்க்கும். ஆகவே, அவையே நம்மைத் தேடி வரும்.

சகோதரர்களே! எதிரியின் பொய்யைக் கண்டறிவது பெருந்திறமையன்று; அதற்குப் பகையே கண்ணாகிவிடும். நமக்கு இனிக்கும் செய்தி வரும்போதுதான் நம் சிந்தனைக்குச் சோதனை. சொன்னவர் யார், அவருக்கு எவ்வாறு தெரியும், செலவழித்தவர் யார், நாம் நம்புவதால் ஆதாயம் எவருக்கு என்று நம் பிள்ளைகளின் முன்னிலையில் உரக்கக் கேட்போம். விடை கிட்டும்வரை அச்செய்தியைப் பிறருக்கு அனுப்பாதிருப்போம். அதனால் நம் நண்பர் முகஞ்சுளிப்பாராயின் சுளிக்கட்டும். பிறர் கண்ணீரை விலைக்கு வாங்கிப் போர் மூட்டியவர்கள், நம் நல்லெண்ணத்தை நம்பியே கடைவிரித்தார்கள் என்பதை மறவாதிருப்போம்.